காஸ்ட் அயர்ன் புல்லட்: ஆயில் முதலில், பெயின்ட் கடைசியில்

பழைய புல்லட் 350 ஒன்றை வாங்கி வீட்டு ஷெட்டில் பிரித்துச் சேர்க்க நினைப்பவர்களில் பாதிப் பேர் முதல் வாரமே டேங்க்கைப் பெயின்ட் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து டேங்க் மட்டும் ஜொலிக்கும், இன்ஜின் சாக்குப்பையில் கிடக்கும். வேலையின் வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். ஆயில் ஓட்டம், தீப்பொறி, பிரேக் மூன்றும் சரியான பிறகு வண்டியை நூறு கிலோமீட்டர் அழுக்காகவே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெயின்ட்டைப் பற்றி யோசிக்கலாம்.

இங்கே சொல்வது காஸ்ட் அயர்ன் சிலிண்டர், நான்கு கியர், வலது பக்க கியர் லீவர் கொண்ட பழைய 350-ஐப் பற்றி. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி. பேர் காஸ்ட் அயர்ன் என்றாலும் இரும்பு சிலிண்டர் மட்டுமே, ஹெட் அலுமினியம். ஆல்பியன் வகை கியர்பாக்ஸ், இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் முதுகில் போல்ட் செய்யப்பட்டிருக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் கம்பி பிரஷ் போட்டுத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடமோ, எழுத்துகளின் வரிசை ஏறி இறங்கியோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். 15 வருடம் கழிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் அபராதக் கணக்கை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருடம். ஆனால் அந்த வண்டியைத் தினசரி வேலைக்கு எடுத்துப் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. சேஸிஸோ இன்ஜினோ மாற்றப்பட்டிருந்தால் அந்தப் பதிவும் கிடைக்காது. ஆகவே 1960-களின் வண்டி கையில் கிடைத்தால் அதை வெட்டி ஒட்டும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. மாற்றங்கள் செய்து பார்க்க 1980, 90-களின் வண்டிகள் ஏராளமாக இருக்கின்றன.

பிரிக்கத் தொடங்கும் முன் ஸ்பானர் விஷயம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, திருவொற்றியூருக்கு வந்தது பிரிட்டிஷ் டிசைன். அதனால் இந்த வண்டியில் அங்குலத்துக்கு 26 மரை கொண்ட சைக்கிள் த்ரெட், விட்வொர்த், பின்னாளில் நுழைந்த மெட்ரிக் எல்லாம் கலந்து கிடக்கும். 'கிட்டத்தட்டப் பொருந்துகிறது' என்று மெட்ரிக் ஸ்பானரைப் போட்டால் நட்டின் மூலை உருண்டுவிடும். விட்வொர்த் ரிங் ஸ்பானர் செட் ஒன்று கட்டாயம் வேண்டும். கழற்றிய போல்ட்டைப் புது நட்டோடு சேர்க்கும்போது கையால் நான்கு சுற்று சுலபமாக ஏறவில்லை என்றால் அது வேறு மரை. ஸ்பானர் போட்டு ஏற்றினால் அலுமினியக் கேஸிங்கில் மரை பிய்ந்துவிடும். பிய்ந்த இடத்தில் ஹெலிகாயில் எனும் சுருள்கம்பி மரை போடலாம், அது நிலைக்கும். எம்-சீல் வைத்து அடைப்பது அடுத்தவன் தலையில் கட்டுவதற்கான வேலை.

டைமிங் கவர், கிளட்ச் கவர் ஸ்க்ரூக்கள் இறுகிப்போயிருந்தால் சாதாரணத் திருப்புளியால் முயலாதீர்கள். இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. வராத இடத்தில் கியர் ஆயிலும் தின்னரும் சரிபாதி கலந்து ஊற்றி ஓர் இரவு விட்டுவிடலாம். பல வருடம் நின்று பிஸ்டன் பிடித்துக்கொண்ட வண்டியில் பிளக் துளை வழியாக இதே கலவையை 50 மில்லி ஊற்றி மூன்று நாள் காத்திருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, சுற்றளவு முழுக்கத் தாங்கும்படி மரக்கட்டையை பிஸ்டன் மேல் வைத்துத் தட்டுங்கள். கிக்கர் மேல் ஏறிக் குதித்தால் முதலில் உடைவது கிக்கர் ராட்செட்.

டைமிங் பக்கம் திறந்ததும் கிராங்க் முனையில் தெரியும் புழு மரை நட்டு, அதாவது ஆயில் பம்ப்பை ஓட்டும் வார்ம், இடது மரை கொண்டது. சாதாரண நட்டு என்று நினைத்து இடப்புறமாகத் திருகினால் அது மேலும் இறுகும், கடைசியில் உடையும். வலப்புறம் திருகினால்தான் கழலும். கேம் கியர்களைக் கழற்றும் முன் குறிகளை எல்லாம் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து போட்டோ எடுத்து வையுங்கள். குறிகள் தெளிவாக இல்லாவிட்டால் பெயின்ட் பேனாவால் நீங்களே போட்டுவிடுங்கள்.

இப்போது கிராங்க். கனெக்டிங் ராடை மேலே தூக்கி, இரு கையாலும் பிடித்து நேராக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடலாம், அது இருக்க வேண்டியதுதான். மேல்-கீழாகக் கையில் 'டக்' என்று உணர்ந்தால் பிக் எண்ட், அதாவது ராட் கிராங்க்கோடு சேரும் கீழ்முனை பேரிங், போய்விட்டது. ராடில் ஆயில் ஊறியிருக்கும்போது பார்த்தால் ஆட்டம் தெரியாது, மண்ணெண்ணெயில் கழுவிய பிறகு பாருங்கள். பழைய புல்லட்டில் பிக் எண்ட் என்பது மிதக்கும் புஷ். ஆயில் நன்றாக வந்தால் வருடக்கணக்கில் ஓடும், ஒரு நிமிடம் வறண்டால் உருகிவிடும். கிராங்க் பின் மாற்றுவது வீட்டில் ஆகாது. பிரஸ்ஸும் வி-பிளாக்கும் டயல் கேஜும் வைத்திருக்கும் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். சேர்த்து வாங்கும்போது இரண்டு முனையிலும் டயல் வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் ஊசி ஆடினால் திருப்பிக் கொடுங்கள். அந்த ஆட்டம்தான் பிறகு ஹேண்டில்பாரில் நடுக்கமாக வரும்.

சிலிண்டரை போரிங் கடைக்குக் கொடுக்கும் முன் பிஸ்டனை வாங்கிவிடுங்கள். ஓவர்சைஸ் எண்ணை மட்டும் சொல்லிக் கொடுத்தால் கடைக்காரர் ஏட்டுக் கணக்குக்கு போர் போடுவார், சந்தையில் கிடைக்கும் பிஸ்டனோ அதிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதன் ஸ்கர்ட்டை மைக்ரோமீட்டரில் அளந்து, 0.08 முதல் 0.10 மி.மீ. இடைவெளி வைத்து ஹோனிங் செய்யச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் ஊர்ந்து போகும் ட்ராஃபிக்கில் ஓடப்போகும் வண்டிக்கு இதைவிட இறுக்கமாக வைத்தால் பிஸ்டன் பிடிக்கும். ரிங்கை சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தால் 0.30-லிருந்து 0.40 மி.மீ. வர வேண்டும். குறைந்தால் முனையை மெல்லிய அரத்தால் தேய்க்கலாம், கூடினால் வேறு ரிங் செட்.

இனி ஆயில். இந்த வண்டியை நன்றாக ஓடும் வண்டி, ஓடாத வண்டி என்று பிரிப்பதே இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம்.

புல்லட் டிரை சம்ப் வண்டி, அதாவது ஆயில் கிராங்க்கின் அடியில் தேங்காது. ஆயில் டேங்க் தனியாக வெளியே தொங்காமல் கிராங்க் கேஸின் பின்பகுதியிலேயே ஓர் அறையாக இருக்கும். டைமிங் கவருக்குள் இரண்டு பம்ப்கள். ஒன்று ஃபீட் பம்ப்: அறையிலிருந்து ஆயிலை எடுத்து, ஃபெல்ட் ஃபில்டர் வழியாக கிராங்கின் முனைக்குள் அழுத்தி, பிக் எண்டுக்கு அனுப்பும். மற்றது ரிட்டர்ன் பம்ப்: கீழே சிந்தியதை உறிஞ்சி அறைக்குத் திருப்பும், போகிற வழியில் ஹெட்டில் வால்வுகளைத் தட்டும் ராக்கர்களுக்கும் கொடுக்கும். ராக்கரில் ஆயில் வருகிறது என்றால் ரிட்டர்ன் பம்ப் வேலை செய்கிறது என்று மட்டுமே அர்த்தம். பல மெக்கானிக்குகள் ராக்கர் பைப்பின் பாஞ்ஜோ நட்டைத் தளர்த்தி ஆயில் கசிவதைக் காட்டி 'சர்க்குலேஷன் சூப்பர்' என்று அனுப்பிவிடுவார்கள். பிக் எண்டுக்குப் போகும் பக்கத்தை அது சோதிப்பதே இல்லை. ஃபீட் பக்கத்துக்குத் தனிச் சோதனை உண்டு. ஃபில்டர் மூடி நட்டை அரைச் சுற்று தளர்த்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரை மெதுவாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். மூடி ஓரத்தில் ஆயில் ஊறி வர வேண்டும். வராவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேச்சே கூடாது.

டைமிங் கவர் கிராங்க் முனையோடு சேரும் இடத்தில் சின்ன கார்க் சீல் ஒன்று இருக்கும், இப்போது ரப்பரில் வருகிறது. விலை ஒரு டீ, வடைக்குள் அடங்கும். அது காய்ந்து சுருங்கினாலோ, கவர் மாட்டும்போது வைக்க மறந்தாலோ, ஃபீட் பம்ப் தள்ளும் ஆயில் கிராங்குக்குள் போகாமல் டைமிங் பெட்டிக்குள் சிந்திவிடும். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, ராக்கரில் ஆயில் வரும், எல்லாம் சரியாகவே தெரியும். ஆயிரம் கிலோமீட்டருக்குள் பிக் எண்ட் தட்டத் தொடங்கும். டைமிங் கவரைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் இந்த சீலைப் புதிதாகப் போடுங்கள். மாட்டும் முன் அது கவரின் முகத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறதா, கவர் மூடும்போது அழுந்துகிறதா என்றும் பாருங்கள்.

பம்ப்களில் கெடுவது டிஸ்க்கும் அது உட்காரும் முகமும். பழைய ஆயிலில் வந்த மண் அங்கே வட்ட வட்டமாகக் கோடு போட்டிருக்கும். நைஸ் வால்வு பேஸ்ட்டைச் சுண்டு விரல் நுனியளவு எடுத்து, டிஸ்க்கை அதன் இடத்திலேயே வைத்து எட்டு வடிவத்தில் தேய்த்தால் சீரான சாம்பல் நிறம் வரும். பிறகு பிராஸோ போட்டு ஒருமுறை. ஃபீட் டிஸ்க்கும் ரிட்டர்ன் டிஸ்க்கும் ஒரே அளவு அல்ல, இடம் மாற்றிப் போடாதீர்கள். தேய்த்த பேஸ்ட் ஒரு துளிகூட மிஞ்சாமல் பெட்ரோலில் இரண்டு முறை கழுவி, ஆயில் பாதைகளில் காற்று அடியுங்கள். மிஞ்சிய பேஸ்ட் பிக் எண்டில் போய்த் தன் வேலையைத் தொடரும்.

ஃபில்டர் மாற்றினாலோ இன்ஜின் சேர்த்தாலோ ஃபில்டர் அறை காலியாக இருக்கும். அது நிரம்பும் வரை பிக் எண்டுக்கு ஆயில் கிடையாது. அதனால் அந்த அறையில் ஆயிலை நிரப்பிவிட்டு மூடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஆக்ஸலேட்டரைத் தொடாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். 20டபிள்யூ50 மினரல் ஆயில் போதும், இரண்டேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும்.

இன்னொரு குழப்பம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டிப் ஸ்டிக்கை எடுத்தால் ஆயிலே இருக்காது. ஃபீட் பம்ப் வழியாகச் சிறுகச் சிறுக இறங்கி முழுவதும் கிராங்க் பக்கம் போயிருக்கும். பயந்துபோய் மேலே இன்னும் ஒரு லிட்டர் ஊற்றினால், ஸ்டார்ட் ஆனதும் ரிட்டர்ன் பம்ப் பழைய ஆயிலைத் திருப்பும், அறை நிரம்பி வழியும், இன்ஜின் மூச்சுவிடும் குழாயான பிரீதர் வழியாகக் கொப்பளிக்கும். ஆயில் அளவை எப்போதும் வண்டி ஓடி நின்ற பிறகுதான் பார்க்க வேண்டும். நீண்ட நாள் நின்ற வண்டி முதல் ஐந்து நிமிடம் தெருவையே மறைக்கும் அளவுக்குப் புகைவது இதனால்தான். அதைப் பார்த்து ரிங் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஒழுகல் வந்தால் சிலிகான் கம்மைத் தேடும் முன் பிரீதரைப் பாருங்கள். கிராங்க் கேஸ் பக்கவாட்டில் வாத்து மூக்கு மாதிரியான ரப்பர் இருக்கும். அது வெளியே மட்டும் மூச்சு விட வேண்டும். இறுகி ஒட்டிக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த கேஸ்கெட் பலவீனமோ அந்த வழியாக ஆயில் வரும். சிலிகான் கம்மைத் தாராளமாகப் பூசினால் பிதுங்கிய துணுக்கு உள்ளே விழுந்து ஆயில் சல்லடையை அடைக்கும். கேஸ்கெட்டும், இரு பக்கமும் மெல்லிய கிரீஸும் போதும். செம்பு வாஷர்களைத் தூக்கிப் போட வேண்டாம். கேஸ் அடுப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்றாகி நன்றாக உட்காரும்.

கிராங்க் கேஸ், சிலிண்டர், ஹெட் எதையும் மணல் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். ஆயில் பாதைக்குள் போன மணலை முழுவதும் வெளியே எடுத்துவிட்டேன் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ், பொறுமை.

ராக்கர்களைத் தள்ளும் புஷ்ராட் கம்பிகளின் அட்ஜஸ்ட்மென்ட்டை இன்ஜின் ஆறிய நிலையில், கம்ப்ரெஷன் முடிவில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது செய்ய வேண்டும். சிலிண்டரின் வலது பக்கத்துச் சின்ன மூடியைத் திறந்தால் அட்ஜஸ்டர்கள் தெரியும். இரண்டு ராடும் விரலால் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறும், இறுக்கிய பிறகு மறுபடி சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாக விட்டால் சத்தம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். சத்தம் குறையும்தான், கூடவே வால்வும் கருகும்.

தீப்பொறிக்கு வருவோம். பாயின்ட் என்பது தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டும் சின்ன சுவிட்ச். அதன் கேப் 0.35–0.40 மி.மீ., பிளக் கேப் சுமார் 0.5. பாயின்ட்டின் முகம் நீலமாகக் கருகி ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடும் விழுந்திருந்தால் பாயின்ட்டை மாற்றி மட்டும் பயனில்லை, கண்டென்ஸர் போயிருக்கும். டைமிங்: வேகம் ஏறும்போது தீப்பொறியை முந்தவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் முழுவதும் பின்தங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு ஏறக்குறைய 0.8 மி.மீ. முன்பு பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் துளை சாய்வாக இருப்பதால் ஸ்போக் கம்பியை விட்டு அளப்பது ஏமாற்றும். கிராங்கில் டிகிரி டிஸ்க்கை மாட்டினால் இது கிட்டத்தட்ட 10 டிகிரி. திறக்கும் கணத்தைப் பிடிக்க ஒரு சின்ன பல்பை பாயின்ட்டுக்குக் குறுக்கே இணைத்து சாவியைப் போடுங்கள். பாயின்ட் திறந்த நொடி பல்ப் எரியும். பிறகு பாயின்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப்பைத் தளர்த்தி மெல்லத் திருப்ப வேண்டியதுதான். டைமிங் அதிகம் முந்திவிட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்காலுக்கு அது ஆபத்து. பிந்திவிட்டால் சைலன்சர் பைப் நீலமாகும், வண்டி இழுக்காது.

மின்சாரத்தில் 6 வோல்ட் வண்டிகள்தான் தலைவலி. மிகப் பழையவற்றில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றுவதென்றால் பேட்டரியைத் திருப்பினால் மட்டும் போதாது. ரெக்டிஃபயர், இக்னிஷன் காயிலின் இரு முனைகள், அம்மீட்டர் ஒயர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ரெக்டிஃபயரை மறந்தால் சாவி போடும் முன்பே அது புகைந்துவிடும். 12 வோல்ட்டுக்கு மாறுவது நல்ல மாற்றம். ஸ்டேட்டர், ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர், காயில், பேட்டரி, பல்புகள், ஹாரன் அத்தனையும் ஒன்றாக மாற வேண்டும். ஒயரிங் புதிதாகப் போடும்போது எர்த்தை ஃபிரேமை நம்பி விடாதீர்கள். பெயின்ட்டும் பவுடர் கோட்டிங்கும் ஏறிய ஃபிரேமில் எர்த் கிடைக்காது. பேட்டரியிலிருந்து இன்ஜின் போல்ட்டுக்கு ஒரு தடித்த ஒயர், ஹெட்லைட் கூட்டுக்குத் தனியாக ஒன்று. புல்லட்டில் வரும் பாதி 'மர்ம'க் கோளாறுகள் இதில் தீர்ந்துவிடும். பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று.

டேங்க்கின் உள்ளே துரு இருந்தால், எடை பார்த்து விற்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட்டை, லிட்டருக்கு 60–80 கிராம் கணக்கில் வெந்நீரில் கரைத்து நிரப்பி ஒரு நாள் வையுங்கள். கொட்டிய உடனே சலவை சோடா கரைத்த தண்ணீரால் அலச வேண்டும், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் மஞ்சள் துரு திரும்ப வரும். ஹேர் டிரையரால் காயவைத்து, பெட்ரோலில் கொஞ்சம் டூ-டி ஆயில் கலந்து உள்ளே சுழற்றி விடுங்கள். துரு கெட்டியாக இருந்தால் சலவை சோடா கரைசலில் மின்சார முறை: டேங்க்கை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில், உள்ளே தொங்கும் சாதா இரும்புக் கம்பியைப் பாசிட்டிவில் இணைத்து, கம்பி டேங்க்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் கம்பி வேண்டவே வேண்டாம், அதிலிருந்து நச்சான குரோமியம் கரைசலில் இறங்கும். இந்த வேலையில் ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். எபாக்ஸி பூச்சு ஊற்றி டேங்க்கைச் சீல் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் அது சில வருடத்தில் செதில் செதிலாக உரிந்து கார்புரேட்டருக்குள் போகிறது.

எத்தனாலைத் தவிர்க்க முடியாது, இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதக் கலப்பு. மூன்று விஷயங்கள் மாறுகின்றன. பழைய ரப்பர் பைப், டேங்க் காக்கின் கார்க், கார்புரேட்டர் ஓ-ரிங் ஆகியவை உப்பும். எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாறிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரோடு பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். வண்டியை நிறுத்தி வைக்கப்போகிறீர்கள் என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். மூன்றாவது, சுத்தமான பெட்ரோலுக்குக் காற்று விகிதம் 14.7 என்றால் இந்தக் கலப்புக்கு சுமார் 13.5. பழைய ஜெட்டில் வண்டி லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடும், சூடாகும், ஆக்ஸலேட்டரை விடும்போது சைலன்சரில் வெடிக்கும். மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டரில் நீடிலை ஒரு பள்ளம் உயர்த்தி, மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றிப் பாருங்கள். நாலாவது கியரில் முக்கால் ஆக்ஸலேட்டரில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, அப்படியே கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினை அணைத்துப் பிளக்கைப் பாருங்கள். வெளுத்திருந்தால் இன்னொரு அளவு ஏற்றுங்கள், கருத்திருந்தால் இறக்குங்கள்.

கியர்பாக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது முரட்டுத்தனமானது, எளிதில் சாகாது. வெறும் 90 கியர் ஆயில் ஊற்றினால் ஸ்லீவ் வழியாக ஒழுகும். பாதி ஓடும் தன்மை கொண்ட மெல்லிய கிரீஸோடு கலந்தால் நிற்கும். குதிகாலால் அமுக்கும் நியூட்ரல் ஃபைண்டர் முதல் கியரிலிருந்து வேலை செய்யாது, அது பழுதில்லை. பிரைமரி செயின் தளர்ச்சியை இன்ஜினைச் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் கால் அங்குலம் வையுங்கள். கிளட்ச் பக்கத்துக்குக் கார் ஆயில் வேண்டாம், ஜாஸோ எம்ஏ போட்ட பைக் ஆயில் மட்டும், இல்லாவிட்டால் பிளேட் வழுக்கும்.

பழைய பிரேக் ஷூ, கிளட்ச் லைனிங், பழைய கேஸ்கெட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மில் இருக்கும் தூசியைக் கம்ப்ரஸரால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துக் கவரில் கட்டிப் போடுங்கள்.

ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் உறுதி. ஆனால் 180–200 டிகிரியில் சுடுவார்கள். அதற்கு முன் ஸ்டீயரிங் கப் உட்காரும் இடங்கள், எல்லா மரைகள், சேஸிஸ் எண் ஆகியவற்றை வெப்பம் தாங்கும் டேப்பால் மூடச் சொல்லுங்கள். எண் பூச்சுக்குள் புதைந்தால் அடுத்த எஃப்.சி.யில், அதாவது தகுதிச் சோதனையில், நீங்கள்தான் சுரண்ட வேண்டும். ஸ்போக்குக்கு குரோம் வேண்டாம். அமிலத் தொட்டியில் ஹைட்ரஜன் ஏறிய இரும்பு நொறுங்கும் தன்மை பெறும், ஓட்டத்தில் கழுத்தில் உடையும். துரு ஏறாத எவர்சில்வர் ஸ்போக்கே கிடைக்கிறது. டேங்க்கின் தங்கக் கோடுகள் திருவொற்றியூரில் ஸ்டிக்கர் இல்லாமல் தூரிகையால் கையால் போடப்பட்டவை, எனவே லேசாக ஏற்ற இறக்கம் இருப்பதுதான் அசல். ஸ்டிக்கர் ஒட்டி மேலே லேக்கர் அடித்த கோட்டைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

முதல் ஸ்டார்ட்: கிக்கரை மெதுவாக அமுக்கினால் அம்மீட்டர் ஊசி மைனஸ் பக்கம் சாய்ந்து பிறகு நடுவுக்குத் திரும்பும், அந்த இடத்தில் பாயின்ட் திறந்துவிட்டது. சிலிண்டர் அழுத்தத்தை வெளியேவிடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து பிஸ்டனை உச்சி தாண்ட ஒரு விரல்கடை தள்ளி, கிக்கரை மேலே வரவிட்டு, முழு நீளத்துக்கு ஒரே மிதி. முதல் 500 கிலோமீட்டருக்கு 50-ஐத் தாண்டாதீர்கள், ஒரே வேகத்திலும் போகாதீர்கள். ஹெட் நட்டுகளை முதல் சூடு ஆறியதும் ஒருமுறை, 500-ல் ஒருமுறை குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் புஷ்ராடைத் திரும்பப் பாருங்கள், ஹெட் அமுங்கினால் அதன் அளவு மாறிவிடும்.

கடைசியாக, மாற்றங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஃபிரேமை வெட்டுவது, வேறு சிசி இன்ஜின் ஏற்றுவது எல்லாம் அதில் வரும். சைலன்சரின் வயிற்றைக் கிழித்து சத்தம் ஏற்றுவதும் சிக்கல்தான். அதோடு கிழிந்த சைலன்சரில் ஜெட் கணக்கு மொத்தமும் குலைந்து, இழுவை குறையும். சத்தம் கூடியதை வேகம் கூடியதாகக் காது நம்பிவிடும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த மாற்றங்கள் திரும்பக் கழற்றக்கூடியவை. பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன். பழைய பிளேட்டைப் பெட்டியில் வைத்திருங்கள். 6 அங்குல முன் டிரம்முக்குப் பதில் பிந்தைய வண்டிகளில் வந்த 7 அங்குல ட்வின் லீடிங் டிரம்: வீல், பிளேட், கேபிள் மூன்றையும் செட்டாக சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். இரண்டு ஷூக்களும் ஒரே நேரத்தில் தொடும்படி இணைப்புக் கம்பியைச் சரிசெய்யாவிட்டால் பழைய பிரேக்கைவிட மோசமாகப் பிடிக்கும். கம்பியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஷூவையும் தனித்தனியே டிரம்மில் தொடவைத்து, அந்த நீளத்துக்குக் கம்பியை மாட்டுங்கள்.

நெடுஞ்சாலைக்கு முன் ஸ்ப்ராக்கெட்டை 16 பல்லிலிருந்து 17-க்கு மாற்றலாம், அதே வேகத்தில் இன்ஜின் சுழற்சி 6 சதவீதம் குறையும். பின் ஸ்ப்ராக்கெட் பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்த்தது, அதை மாற்ற நினைக்காதீர்கள். முன் ஸ்ப்ராக்கெட்டோ பிரைமரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, கிளட்ச் முழுவதையும் கழற்றினால்தான் கை போகும். அதனால் 17 பல் வேண்டுமா என்பதை இன்ஜின் மேஜை மேல் இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். மலைப்பாதையில் பின்சீட்டில் ஆளோடு அடிக்கடி ஏறுபவர்களுக்கு 16-தான் சரி.